வாடகைக்கு விட வீடு வாங்குவது எப்படி? சென்னைப் புறநகர்க் கணக்கோடு ஒரு முழுமையான வழிகாட்டி

"வாடகை வரும், அதுவே இஎம்ஐயைக் கட்டிக்கும்." வீடு வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்த நாளிலிருந்து புரோக்கர், பில்டர், பெரியப்பா என எல்லாரும் எனக்கு இதையேதான் சொன்னார்கள். நம்பித்தான் குரோம்பேட்டைப் பக்கம் என் முதல் ஃபிளாட்டை வாங்கினேன். ஒரு மாதம்கூட வாடகை இஎம்ஐயை எட்டவில்லை. அதற்காக அந்த வீட்டை வாங்கியது தப்பு என்றும் சொல்ல மாட்டேன். லாபம் வாடகையில் இல்லை, வீட்டுக்கு அடியில் இருக்கும் மண்ணில் இருக்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. வாடகை என்பது அந்த மண்ணைக் காத்து வைத்திருப்பதற்கு நமக்குக் கிடைக்கும் சம்பளம், அவ்வளவுதான். இதை வாங்கும் முன்பே தெரிந்துகொண்டால் எந்த வீட்டைப் பார்ப்பது, எதற்குப் பேரம் பேசுவது, எதை விட்டுவிடுவது எல்லாமே மாறிவிடும்.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். புறநகரில் 850 சதுர அடி, பழைய ஃபிளாட், விலை 55 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுவிற்பனைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம்; முழு விலைக்குப் பதிந்தால் 4.95 லட்சம். புரோக்கருக்கு ஒரு சதவீதம் என்றால் 55,000. பெயின்ட், பிளம்பிங், வக்கீல் பீஸ், இரண்டு ஃபேன், ஒரு கீசர் என்று குறைந்தது ஒன்றரை லட்சம். ஆக 55 லட்சம் ரூபாய் வீடு உங்கள் கையில் 62 லட்சமாக வந்து நிற்கிறது.

வாடகை மாதம் 16,000 என்றால் வருடத்துக்கு 1,92,000. குடி மாறும்போது ஒரு மாதம் பூட்டிக் கிடக்கும் என்று 16,000 கழியுங்கள். சொத்து வரி, தண்ணீர் வரிக்கு 6,000. ரிப்பேருக்கு 15,000. மிச்சம் 1,55,000. போட்ட பணத்துக்கு இரண்டரை சதவீதம். பேங்க் டெபாசிட்டே இதைவிட அதிகம் கொடுக்கும்.

இனி கடன் பக்கம். 40 லட்சம், 20 வருடம், வட்டி 8.5 சதவீதம் என்றால் இஎம்ஐ சுமார் 34,700. கையில் வருவது 16,000. மாதம் 18,700 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து போகும், அதுவும் வீடு பூட்டிக் கிடக்காத மாதத்தில். வேலை போனாலும் ஆறு மாதம் இந்தப் பள்ளத்தை அடைக்கக் கையில் பணம் இருக்கிறதா? இல்லையென்றால் இன்னும் இரண்டு வருடம் சேமியுங்கள். அவசரம் எல்லாம் பில்டருக்குத்தான்.

குடியிருப்பவர், பிளம்பர், அசோசியேஷன் கூட்டம் எதுவுமே வேண்டாம் என்பவர்களுக்கு ரீட் என்று ஒரு வழி இருக்கிறது. அலுவலகக் கட்டடங்களின் வாடகையைப் பங்கு போல வாங்கி விற்கும் திட்டம் அது. 2019இல் எம்பசி ரீட் முதலாவதாக இந்தியப் பங்குச் சந்தைக்கு வந்தது. சொந்தமாக ஒரு சாவி கையில் இருக்கும் திருப்தி மட்டும் அதில் கிடைக்காது. அந்தத் திருப்திக்காகத்தான் பாதிப் பேர் வீடு வாங்குகிறோம் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

ஃபிளாட் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டிய எண்

சதுர அடி எவ்வளவு என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். நீங்கள் யூடிஎஸ் எவ்வளவு என்று கேளுங்கள். பிரிக்கப்படாத நிலத்தில் உங்கள் பங்குதான் அது. கட்டடம் வருடா வருடம் பழசாகும். விலை ஏறுவது இந்தப் பங்குதான்.

ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி நிலத்தில் 800 சதுர அடி ஃபிளாட் ஆறு இருந்தால் ஆளுக்கு 400 சதுர அடி வரும். அதே அளவு ஃபிளாட் பதினைந்து மாடிக் கட்டடத்தில் இருந்தால் பங்கு இதைவிடக் கணிசமாகக் குறையும். நீச்சல் குளமும் ஜிம்மும் படத்தில் அழகாக இருக்கும், மாதா மாதம் மெயின்டனன்ஸாக வந்து வாடகையையும் தின்னும். வாடகைக்கு விட என்றால் நான் லிஃப்ட் இல்லாத, ஆறு அல்லது எட்டு வீடு கொண்ட, இருபது வருடப் பழைய கட்டடத்தின் முதல் மாடியைத்தான் தேடுவேன். தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிச் சட்டப்படி, பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். முன்பு ஒரே ஒருவர் முரண்டு பிடித்தாலும் எல்லாம் நின்றுவிடும். இதனால் யூடிஎஸ் அதிகமுள்ள பழைய ஃபிளாட்டுக்கு மதிப்பு கூடியிருக்கிறது.

யூடிஎஸ் எண்ணைப் புரோக்கர் வாயால் கேட்டு நம்பாதீர்கள். பத்திரத்தின் சொத்து விவரத்தில் பாருங்கள். எல்லா ஃபிளாட்டின் பங்கையும் கூட்டினால் மொத்த நிலத்தைவிட அதிகமாக வரும் கட்டடங்களும் உண்டு.

திருச்சி, மதுரை, சேலம் போன்ற ஊர்களில் சொந்தபந்தம் இருந்தால் ஃபிளாட்டை விட்டுவிட்டு மூன்று போர்ஷன் உள்ள தனி வீட்டைப் பாருங்கள். ஒரு போர்ஷன் காலியானாலும் மற்ற இரண்டிலிருந்து வாடகை வரும், நிலம் முழுவதும் உங்களுடையது. தலைவலியும் மூன்று மடங்கு என்பதால் பக்கத்திலேயே ஆள் வேண்டும். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மின் இணைப்பு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் என்றால் எல்லாரும் மேல் அடுக்கில் போய் மாட்டுவார்கள். சப்-மீட்டர் சண்டைக்குப் பஞ்சாயத்து நீங்கள்தான்.

ஏரியாவை மூன்று தடவை நடந்து பாருங்கள்

முதல் நடை, ஞாயிறு காலை. டு-லெட் போர்டுகளை எண்ணுங்கள். தெருவுக்கு ஏழெட்டு போர்டு தொங்கினால் அங்கே வாடகை ஏறாது. வாடகைக்கு வீடு தேடுபவர் போலவே இரண்டு போர்டுக்குப் போன் செய்யுங்கள். உண்மையான வாடகை அப்போதுதான் தெரியும். விற்பவர் சொல்லும் வாடகை வேறு ஒரு உலகத்தில் நடப்பது.

இரண்டாவது, தண்ணீர். முடிந்தால் மே மாதம் போங்கள். 2019 கோடையில் சென்னை பட்ட பாடு நினைவிருக்கும். போர் எத்தனை அடி, லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தச் செலவு எப்படிப் பிரிகிறது, பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டா, இல்லை செப்டிக் டேங்க் லாரியா என்று கீழ் வீட்டு அம்மாவிடம் கேளுங்கள். செக்யூரிட்டியிடமோ செயலாளரிடமோ கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

மூன்றாவது, வெள்ளம். 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது, 2023இல் மிக்ஜாம் புயலின்போது எதுவரை வந்தது என்று மூலையில் இருக்கும் இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டால் கையை வைத்தே காட்டுவார். வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தளம் மலிவாகக் கிடைத்தால் காரணம் இதுதான்.

பத்திரங்கள்: இங்கே அவசரப்பட்டால் மேலே சொன்ன எதற்கும் அர்த்தமில்லை

தமிழ்நாட்டில் பதிவுத்துறையின் இணையதளத்தில் ஈசியை, அதாவது வில்லங்கச் சான்றை, நீங்களே போட்டுப் பார்க்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். விற்பனை, செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, அடமானம் எல்லாம் வரிசையாக வரும். விற்பவர் எப்போதோ பேங்கில் பத்திரம் வைத்திருந்தால் அந்தப் பதிவு இருக்கும். கடன் அடைத்த பின் ரசீது ஆவணமும் பதிவாகியிருக்க வேண்டும். "லோன் முடிஞ்சு போச்சு சார்" என்ற வாய்ச்சொல் செல்லாது.

ஈசியில் வருவது பதிவான விஷயங்கள் மட்டும்தான். பதியாத அக்ரிமென்ட், வாய்மொழிப் பங்கு, இறந்துபோன அப்பா எழுதி வைத்த உயில், நடந்துகொண்டிருக்கும் வழக்கு இவை பெரும்பாலும் வராது. அதனால்தான் தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை ஒரு கண்ணியும் விடாமல் படிக்க வக்கீல் வேண்டும். பேங்க் வக்கீல் பார்த்துவிட்டாரே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அவர் பேங்கின் பணத்துக்குப் பார்க்கிறார். உங்கள் பணத்துக்குத் தனியாக ஒருவரை வையுங்கள்.

பூர்வீகச் சொத்து என்றால் மகள்களின் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 2005ஆம் ஆண்டு மத்திய சட்டத்துக்கு முன்பே, 1989இல், தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திப் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்துவிட்டது. "அக்காவுக்குச் சீர் செஞ்சு அனுப்பிட்டோம், அவ கேட்க மாட்டா" என்று தம்பி சொல்வார். அக்கா கேட்க மாட்டார்; அக்கா பையன் பத்து வருடம் கழித்துக் கேட்பான்.

பவர், அதாவது உரிமையாளர் சார்பில் விற்க எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம், வைத்து விற்க வருபவரிடம் கூடுதல் கவனம் தேவை. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை நேரில் பாருங்கள், அவர் இறந்தால் பவரும் போயிற்று. பவர் மட்டும் எழுதி வாங்கிக்கொள்வது சொத்தை வாங்கியது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது.

கோயில் நிலம், வக்பு, புறம்போக்கு ஆகியவற்றைக் கண்டுபிடிக்கச் சர்வே எண்ணை வைத்துப் பட்டாவையும், பதிவுக்காக அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பையும் சேர்த்துப் பாருங்கள். வழிகாட்டி மதிப்பு பூஜ்ஜியம் என்று காட்டினால் அந்த எண்ணில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். கட்டட அனுமதி தரும் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் வரைபடத்தையும், நிற்கும் கட்டடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொட்டை மாடியில் ஒப்புதலில்லாமல் எழுப்பிய ஒற்றை வீடு எப்போதும் மலிவாகக் கிடைக்கும். யூடிஎஸ் இருக்காது, பேங்கும் கடன் தராது. புதுக் கட்டடம் என்றால் 500 சதுர மீட்டருக்கு மேல் நிலமோ, எட்டுக்கு மேல் வீடோ இருந்தால் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு கட்டாயம்.

கடனும் பதிவும்

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்தான் கிடைக்கும். பதிவுச் செலவு பொதுவாக இதில் சேராது, கைப்பணம்தான். பில்டரிடம் முதல் ஆளாக ஃபிளாட் வாங்கினால் 2023 டிசம்பரில் வந்த கூட்டு மதிப்பு முறையில் (நிலப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே மதிப்பாகப் பதிவது) முத்திரைத் தீர்வை கொஞ்சம் குறையும். ஆனால் கட்டி முடியாத ஃபிளாட்டுக்கு ஜிஎஸ்டி உண்டு, நிறைவுச் சான்று வந்த பின் வாங்கினால் இல்லை. விலை 50 லட்சத்தைத் தொட்டுவிட்டால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்திலேயே ஒரு சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டிய வருமான வரி) பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு. நம் மாதிரிக் கணக்கில் 55,000 ரூபாய். மறந்தால் நோட்டீஸ் விற்றவருக்கு வராது, உங்களுக்குத்தான் வரும்.

பதிந்ததோடு விட்டுவிடாமல் பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு மூன்றையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். பத்து வருடமாக முந்தைய ஓனர் பெயரிலேயே கரண்ட் பில் கட்டிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

எவ்வளவு வாடகை, யாருக்கு

என் பெரிய முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். அக்கம்பக்கம் 14,000 போய்க்கொண்டிருந்தபோது, மாடுலர் கிச்சன் போட்டிருக்கிறேன் என்ற திமிரில் 15,000 கேட்டேன். வந்தவர்கள் பார்த்தார்கள், போனார்கள். ஆறு மாதம் பூட்டிக் கிடந்த பிறகு 15,000க்கே ஒருவர் வந்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மனைவி கணக்குப் போட்டுக் காட்டினாள்: ஆறு மாதத்தில் போனது 84,000, மாதம் கூடுதலாக வருவது 1,000, விட்டதைப் பிடிக்க ஏழு வருடம். அவர் இரண்டே வருடத்தில் காலி செய்துவிட்டார்.

அதிலிருந்து என் வழக்கம், தெரு விலையைவிட 500 ரூபாய் குறைத்துச் சொல்வது. பத்துப் பேர் வருவார்கள், அதில் ஒருவரை நான் தேர்ந்தெடுக்கலாம். எங்கே வேலை, இதற்கு முன் எங்கே குடியிருந்தார்கள், ஏன் காலி செய்கிறார்கள், இந்த மூன்றைத்தான் கேட்பேன். முடிந்தால் பழைய வீட்டுக்காரரிடம் போனில் பேசுவேன். இப்போது இருக்கும் வீட்டுக்காரரைவிட அதற்கு முந்தையவர் உண்மை பேசுவார், தொல்லையைத் தள்ளிவிடும் அவசரம் அவருக்கு இருக்காது. சாதி, மதம், சாப்பாடு கேட்டு ஆளை வடிகட்டும் நம் ஊர் வழக்கம் அசிங்கம் என்பது ஒரு பக்கம். வியாபாரமாகப் பார்த்தாலும் நல்ல குடித்தனக்காரர்களில் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் வேலை. ஆதார் நகல், வேலை அடையாள அட்டை வாங்கி வைத்துக்கொண்டு, குடியிருப்பவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிடுங்கள்.

அக்ரிமென்ட், அட்வான்ஸ்

பத்திரத்தாளில் 11 மாதத்துக்கு எழுதிப் பீரோவில் வைத்துக்கொள்வதுதான் பழைய வழக்கம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதியைத் தாண்ட வந்த உபாயம் அது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டு சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இணையத்திலேயே பதியலாம். பெரும்பாலானவர்கள் செய்வதில்லை. தகராறு வந்து வாடகை நீதிமன்றத்துக்குப் போகும்போதுதான் அந்தப் பதிவு எண்ணின் அருமை தெரியும்.

அட்வான்ஸ், தனியாக வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கிறது சட்டம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது கசக்கும். என்னைக் கேட்டால் பத்து மாதப் பணம் நமக்குத்தான் ஆபத்து. கை சும்மா இருக்காது, செலவழித்துவிட்டு, அவர் காலி செய்யும் நாளில் அடுத்தவரின் அட்வான்ஸுக்காகக் காத்து நிற்போம்.

தெற்குச் சீமையில் ஒத்தி என்றும், சென்னையில் லீஸ் அல்லது போக்கியம் என்றும் சொல்லும் வழக்கமும் உண்டு. மொத்தமாகச் சில லட்சம் வாங்கிக்கொண்டு வாடகையே இல்லாமல் குடி வைப்பது. அந்தப் பணத்தை எடுத்து வட்டிக்கடனை அடைக்கிறீர்கள் என்றால் யோசிக்கலாம். முடியும் நாளில் முழுத்தொகையும் கையில் இருக்க வேண்டும் என்பதை மறந்து கல்யாணச் செலவுக்கு ஒத்தி வைத்தவர்கள், பிறகு வீட்டையே விற்றதைப் பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்தத்தில் வருடத்துக்கு எத்தனை சதவீதம் வாடகை ஏறும், எத்தனை மாத நோட்டீஸ், பெயின்ட் யார் செலவு, மெயின்டனன்ஸ் யார் கட்டுவது என்பதை எழுதுங்கள். "பத்து வருஷம் குடியிருந்தால் வீடு அவர்களுக்குப் போய்விடும்" என்ற பயத்தில் நல்லவர்களைக்கூட மூன்று வருடத்தில் துரத்துபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் அனுமதியோடு வாடகை கொடுத்து இருப்பவருக்கு அப்படி உரிமை வந்துவிடாது. ஒழுங்காக வாடகை தரும் ஒருவர் பத்து வருடம் இருந்தால் கும்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய் சொட்டும் இரவுகள்

எது யார் செலவு என்பதைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. சுவர், கட்டட அமைப்பு, வெள்ளையடிப்பு, பைப் மாற்றுவது, வயரிங் ஆகியவை வீட்டுக்காரருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், கீசர் ரிப்பேர், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவருக்கு. ஒப்பந்தத்தில் வேறு விதமாகவும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் முப்பது ரூபாய் வாஷருக்குச் சட்டம் பேசாதீர்கள். கசிவை இரண்டு மழைக்காலம் தள்ளிப்போட்டால் கீழ் வீட்டு சீலிங்குக்கும் நீங்கள்தான் பொறுப்பு. நம்பிக்கையான ஒரு பிளம்பர், ஒரு எலக்ட்ரீஷியன் நம்பரைக் குடியிருப்பவரிடமே கொடுத்துவிட்டு, 1,000 ரூபாய்க்குள் என்றால் கேட்காமல் செய்து வாடகையில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். இதுவரை யாரும் ஏமாற்றவில்லை.

வாடகை வரவில்லை என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது. சட்டப்படி அது உங்கள் குற்றமாகிவிடும். வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்றாலும் 24 மணி நேரத்துக்கு முன் தெரிவிக்க வேண்டும். இரண்டு மாத வாடகை பாக்கி நின்றால் வீட்டைத் திரும்பக் கேட்க அதுவே போதிய காரணம். முதல் மாதம் தவறும்போதே வாட்ஸ்அப்பில் மரியாதையாக எழுதிக் கேளுங்கள், போனில் மட்டும் பேசாதீர்கள். எழுத்து மிஞ்சும்.

வரி

வாடகையில் நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கு என்று எந்த ரசீதும் இல்லாமல் கழிக்கலாம். பிறகு கடன் வட்டி. நம் கணக்கில் 1,92,000இல் 6,000 போக 1,86,000; 30 சதவீதம் கழித்தால் சுமார் 1,30,000. முதல் வருட வட்டி மட்டும் 3,37,000 அளவில் இருக்கும். ஆக இரண்டு லட்சத்துச் சொச்சம் நஷ்டம். பழைய வரி முறையில் இதில் இரண்டு லட்சம் வரை சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் சம்பளத்தோடு கழிக்க முடியாது. "வீட்டுக் கடன் எடுத்தா வரி மிச்சம்" என்று யாராவது சொன்னால் எந்த முறையில் என்று கேளுங்கள்.

வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை தருபவர் அலுவலகத்தில் வீட்டு வாடகைப் படிச் சலுகை பெற உங்கள் பான் எண்ணைக் கேட்பார். கொடுத்துவிட்டு, அந்த வருமானத்தைக் கணக்கில் காட்டிவிடுங்கள். மாத வாடகை 50,000ஐத் தாண்டினால் குடியிருப்பவர் 2 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும். நீங்கள் சிங்கப்பூரிலோ துபாயிலோ என்ஆர்ஐயாக இருந்தால் கதையே வேறு: வாடகை எவ்வளவு சிறியதானாலும் 30 சதவீதத்துக்கு மேல் பிடித்துக் கட்ட வேண்டும். இதைத் தெரியாமல் குடியிருப்பவரும் மாட்டுகிறார், வீட்டுக்காரரும் மாட்டுகிறார்.

காலி செய்யும் நாள்

குடி வந்த அன்றே எடுத்த வீடியோ இன்றுதான் உதவும். சுவர், கதவு, குழாய், ஃபேன் எல்லாவற்றையும் ஓடவிட்டு எடுத்து இருவர் போனிலும் வைத்திருங்கள். காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பு போய்ப் பார்த்து, கழிக்க வேண்டியதை அப்போதே சொல்லிவிடுங்கள். சாமான் வண்டியில் ஏறும்போது சொன்னால் சண்டைதான். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் கடைசிப் பில் அவர் போன பிறகுதான் வரும். மீட்டரைப் போட்டோ எடுத்து, யூனிட்டைக் கணக்கிட்டு அங்கேயே கழித்துக்கொள்ளுங்கள். அசோசியேஷன் பாக்கி, மொட்டை மாடிச் சாவி, லெட்டர் பாக்ஸ் சாவி. அட்வான்ஸைத் திருப்ப ஒரு மாதம் வரை சட்டம் அவகாசம் தருகிறது. நான் சாவி வாங்கும்போதே போனில் அனுப்பிவிடுவேன். புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட அவருக்கு அன்றைக்கே பணம் வேண்டியிருக்கும். கடைசியாகக் காலி செய்து போனவர், அடுத்த குடித்தனத்துக்குத் தன் கூட வேலை செய்பவரையே அனுப்பி வைத்தார். அந்தத் தடவை டு-லெட் போர்டை மாட்டவே இல்லை.